இரண்டு டன் மடக்குக் கிரேனும் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டும்

வீட்டு முற்றத்திலேயே பழைய காரின் என்ஜினைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதற்காக, சென்ற ஆண்டு தை மாதத்தில் மடக்கி வைக்கக்கூடிய ஹைட்ராலிக் என்ஜின் கிரேன் ஒன்றை 26,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் உடலில் '2 டன்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. இதுவரை மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறேன்: என் ஹெரால்டின் பழைய என்ஜினை வெளியே எடுக்க ஒரு முறை, மாற்று என்ஜினை உள்ளே இறக்க ஒரு முறை, நண்பர் ஒருவருடைய பிரீமியர் பத்மினிக்காக ஒரு முறை. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. கடைகளில் விசாரித்தபோது, ஏறத்தாழ ஒரே அமைப்புள்ள இந்தக் கருவி வண்ணமும் ஒட்டுத்தாளும் மட்டும் மாறிப் பல பெயர்களில் விற்கப்படுவதைக் கண்டேன். ஆகவே ஒரு பெயரைப் பாராட்டுவதும் தூற்றுவதும் வாங்குபவருக்குப் பெரிதாக உதவாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே உதவும்.

கிரேனைப் பற்றிச் சொல்வதற்கு முன் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தக் கருவியின் நல்லதும் கெட்டதும் எந்தக் காருக்கு என்பதைப் பொறுத்தே அமைகின்றன. என்னுடையது 1965-ஆம் ஆண்டின் இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்து, இத்தாலியரான மிகெலோட்டியின் கைவண்ணத்தால் அழகு பெற்ற இந்த வண்டியை, 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் இங்கே தயாரித்தது. அக்காலத்தில் மற்ற கார்கள் தனிச் சட்டகத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, ஹெரால்டோ தனிச் சட்டகத்தின் மீது போல்ட்டுகளால் இணைக்கப்பட்ட உடலோடு வந்தது. பானட், இரு பக்க மட்கார்டுகள், முகப்பு விளக்குகள் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் முன் சக்கரங்களும் என்ஜினும் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். வேண்டுமானால் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வீட்டில் என்ஜினைக் கழற்ற நினைப்பவருக்கு இதைவிட இணக்கமான வண்டி அமைவது அரிது.

என்ஜின் 948 சிசி, நான்கு சிலிண்டர், 63 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). உழைப்பாளிதான், ஆனால் அதற்கு ஒரு பழைய நோய் உண்டு. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பதற்குப் பின்பக்க மெயின் பேரிங்கின் இரு புறமும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் வைத்திருப்பார்கள். கிளட்ச் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுவதால் அவை தேயும்; தேய்ந்து மெலிந்ததும் இடத்தைவிட்டு நழுவி, என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பில் விழும்; அதன் பிறகு கிராங்க்கின் இரும்பு பிளாக்கின் இரும்பையே உரசும். என் வண்டியில் அதுதான் நடந்தது. ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் குனிந்து பார்த்தபோது, கிராங்க் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே வந்து போயிற்று. இருக்க வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் எட்டு பங்கு, அதாவது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரிகிறது என்றாலே கதை முடிந்துவிட்டது என்று பொருள். சம்பைக் கழற்றியபோது ஒரு வாஷர் அடியில் கிடந்தது. பிளாக்கில் அது உட்காரும் முகம் வாள் பட்டதுபோல் தேய்ந்திருந்தது. வேறு என்ஜின் தேடுவதே சரி என்று எங்கள் பகுதியின் பழைய மெக்கானிக் பாய் தீர்ப்புச் சொன்னார். 1972 முதல் வந்த கேஸல் காருக்கும் இதே 948 சிசி என்ஜின்தான் என்பதால், கேஸலிலிருந்து எடுத்த ஒன்றைச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து, லேத் பட்டறையில் போர் செய்து, கிராங்க்கைச் சாணை பிடித்து, கனம் கூட்டிய த்ரஸ்ட் வாஷர்களைப் போட்டுத் தயாராக்கினோம்.

மாருதி என்ஜினை வைத்துவிட்டால் நிம்மதி என்று அறிவுரை சொன்னவர்கள் பலர். 2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்ய வேண்டுமானால் அதன் சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த வாசலை நானே சாத்திக்கொள்ள விரும்பவில்லை. அதே வகை என்ஜினைப் போட்டாலும் பதிவுச் சான்றில் உள்ள என்ஜின் எண் மாறுவதால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும் பதிவும் தேவை. புதுப்பேட்டையில் என்ஜின் வாங்கும்போது ரசீதில் என்ஜின் எண்ணை எழுதி வாங்காதவர்கள் பின்னர் அலைய நேரிடும்.

இனி கிரேன். என் தந்தையார் காலத்தில் எங்கள் வேப்பமரக் கிளையில், சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் செயின் பிளாக் மாட்டித்தான் இதே வண்டியின் என்ஜினை ஒரு முறை இறக்கினார்கள். அந்த மரம் இப்போது இல்லை. போர்டிகோவின் கூரையில் கொக்கி மாட்டலாமா என்று கேட்டதற்குக் கட்டடப் பொறியாளர் கையை விரித்துவிட்டார். சவுக்குக் கட்டைகளால் முக்காலி கட்டுவது பாயின் யோசனை. செலவு குறைவுதான், ஆனால் தூக்கிய என்ஜினோடு முக்காலியை நகர்த்த முடியாது என்பதோடு, ஒரு கால் வழுக்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பே எனக்கு உறக்கம் கெடுத்தது. எங்கள் பக்கத்தில் இத்தகைய கிரேனை நாள் வாடகைக்குத் தருபவர் எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த மதிப்புரையே எழுதப்பட்டிருக்காது.

பெட்டிகள் இரண்டாக வந்தன. மொத்தம் எண்பது கிலோவுக்குக் குறையாது, ஒருவரால் மாடிப்படி ஏற்ற முடியாது. பூட்டிச் சேர்க்க ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. கால்கள் இரண்டும் மேல்நோக்கி மடங்கி ஊசி செருகி நிற்கின்றன. பற்றவைப்புகள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தன. பூம் எனப்படும் தூக்குக் கை தாங்கித் தூணோடு சேரும் இடத்தில் மட்டும் துளை சற்றுத் தளர்வாக இருந்ததால், எடை ஏறும்போது கை ஒரு விரற்கடை பக்கவாட்டில் ஆடுகிறது. அபாயம் இல்லை என்றாலும் மனத்துக்கு உவப்பாக இல்லை. இந்தக் கையை உயர்த்தும் ஹைட்ராலிக் ஜாக்கியைப் புதிதாகப் பூட்டியதும் நேரே சுமை தூக்கக் கூடாது. வால்வைத் திறந்து வைத்துக் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை அடித்து உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் 'பாதி வழியில் இறங்கிவிடுகிறது' என்று குறை சொல்வோரைக் கண்டிருக்கிறேன். கருவியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது அந்த 'இரண்டு டன்' விவகாரத்துக்கு வருகிறேன். தூக்குக் கை உள்ளே இழுத்து நீட்டும்படி அமைந்தது. அதில் நான்கு துளைகள் உண்டு. முழுவதும் உள்ளே இழுத்திருக்கும்போதுதான் இரண்டு டன். ஒவ்வொரு துளையாக நீட்ட நீட்ட ஒன்றரை, ஒன்று என்று இறங்கி, கடைசித் துளையில் அரை டன்தான். இந்த எண்கள் கையின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன, விளம்பரத்தில் காணோம். காரின் முன்பக்கத்திலிருந்து என்ஜின் இருக்கும் இடம்வரை எட்ட வேண்டுமென்றால், பெரும்பாலான கார்களில் மூன்றாம் அல்லது நான்காம் துளையைத்தான் பயன்படுத்த நேரிடும். ஆகவே வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டு டன் என்ற பெருமையை அல்ல, கடைசித் துளையின் எண்ணைத்தான். ஹெரால்டின் என்ஜின் கியர் பாக்ஸ் இல்லாமல் நூற்றைம்பது கிலோவைத் தாண்டாது. எனவே அரை டன் எனக்கு மூன்று மடங்குக்கு மேல் போதும். இதைவிட முக்கியமானது கொக்கி நிற்கும் இடம். கையை முழுவதும் நீட்டிவிட்டுக் கொக்கியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அது கால்களின் முன் நுனியில் உள்ள உருளைகளுக்கு நான்கு விரல் உள்ளே விழுந்தது. வெளியே விழுமானால் கிரேன் குப்புறக் கவிழும். எத்தனை டன் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு நூலும் ஒரு நட்டும் போதும்.

உருளைகளே இக்கருவியின் மிகப் பெரிய குறை. வார்ப்பிரும்பு, விட்டம் சிறியது. சமமான பட்டறைத் தளத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எங்கள் முற்றத்தில் பேவர் பிளாக் பதித்திருக்கிறது. வெறும் கிரேனைத் தள்ளும்போதே ஒவ்வோர் இடுக்கிலும் உருளை விழுந்து விழுந்து எழுந்தது. சுமையோடு அப்படி விழுந்தால் தொங்கும் என்ஜின் ஊஞ்சலாகும். 19 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகள் இரண்டைத் தரையில் விரித்து, இணைப்பில் தகரம் வைத்து ஆணி அடித்துச் சமாளித்தேன். அதற்கும் மேலாகப் பாய் சொன்ன உபாயம் ஒன்று உண்டு; பல ஆண்டு அனுபவம் இல்லாமல் தோன்றாது. "கிரேனை எதுக்கு சார் நகத்துறீங்க? அது அப்படியே நிக்கட்டும், வண்டிய பின்னால தள்ளுங்க" என்றார். ஹெரால்ட் முழு வண்டியாகவே ஏறக்குறைய 800 கிலோதான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு இருவர் தள்ளினால் ரப்பர் டயரில் சத்தமில்லாமல் பின்னே போய்விடுகிறது. தூக்கிய சுமை அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது.

ஒரு செய்தி ஹெரால்ட் வைத்திருப்போருக்கு மட்டும். முன்பக்கம் சாய்ந்து திறக்கும் பானட், திறந்த நிலையில் கிரேன் வர வேண்டிய வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். செயின் பிளாக்காக இருந்தால் மேலிருந்து இறக்கிவிடலாம். கிரேனுக்குப் பானட்டை முழுவதுமாகக் கழற்றியே ஆக வேண்டும். விளக்குகளின் ஒயர்களைப் பிரித்து, கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, இருவர் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். கழற்றியபின் ஒரு பெரிய வரவு காத்திருக்கிறது: மறிக்க உயரமான எதுவும் முன்னால் இல்லாததால், என்ஜினை மிகக் குறைந்த உயரம் தூக்கினாலே வெளியே இழுத்துவிடலாம். பத்மினியில் முன் கிரில்லுக்கு மேலாகத் தாண்ட வேண்டியிருந்ததால் கையை ஏறக்குறைய உச்சிவரை ஏற்ற நேர்ந்தது. அந்த உயரத்தில் முன்பு சொன்ன ஆட்டம் கூடுதலாகவே தெரிந்தது.

கழற்றிய நாள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி, தண்ணீர், ஆயில், ரேடியேட்டர், டைனமோ ஒயர், சோலெக்ஸ் கார்பரேட்டரின் கம்பிகள், பெட்ரோல் குழாய், செல்ஃப் மோட்டார் என்று வரிசையாகப் பிரித்தோம். சைலன்சர் குழாய் நட்டுகள் துருவேறிப் பிடிவாதம் செய்ததால் முதல் நாள் இரவே டீசல் ஊற்றி ஊறவைத்தது நல்லதாயிற்று. ஹெரால்டில் கியர் பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே, நடுவில் உள்ள சுரங்க மூடியை எடுத்துவிட்டு அணுக முடியும் என்பதால், என்ஜினோடு கியர் பாக்ஸை இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளில் மேலே உள்ளவற்றைச் சீட்டில் உட்கார்ந்தபடியே கழற்றலாம். கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டு, அடியில் ஜாக்கி கொடுத்து, என்ஜினை மட்டும் நைலான் பெல்ட்டுகளால் முன்னும் பின்னும் கட்டித் தூக்கினோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கெல்லாம் என்ஜின் பலகையின் மேல் இருந்தது.

இங்கே வால்வைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சுமையை இறக்குவதற்குக் கைப்பிடியின் முனையால் வால்வைத் திருகுகிறோம் அல்லவா? அது மயிரிழை அளவு திறந்தால் மெல்ல இறங்கும். அதற்கு மேல் சற்றே திருகினாலும் சடாரென்று விழும். இடைப்பட்ட நிலை என்று ஒன்று ஏறத்தாழ இல்லை. முதல் முறை என் கைக்கு அது பிடிபடவில்லை. பலகைக்கு ஒரு சாண் மேலே இருந்த பழைய என்ஜின் ஒரே மூச்சில் அமர்ந்து, சம்பின் ஒரு மூலை நசுங்கியது. பழையதாக இருந்ததால் பிழைத்தோம். புதிய என்ஜினை இறக்கும் முன், இரண்டு மணல் மூட்டைகளைத் தூக்கி இறக்கி ஒரு மணி நேரம் கைப்பழக்கம் செய்துகொண்டேன். யாராக இருந்தாலும் அதைச் செய்துவிட்டே தொடங்குங்கள்.

ஜாக்கியின் சீல் பதினோராவது நாளில் கசியத் தொடங்கியது. தொங்கவிட்ட சுமை இரவுக்குள் ஒரு முழம் இறங்கியிருந்தது. விற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்தபோது, படம் அனுப்புங்கள் என்றார்கள்; அனுப்பினேன்; காணொளி அனுப்புங்கள் என்றார்கள்; அதையும் அனுப்பினேன்; பிறகு ஜாக்கியை மட்டும் உங்கள் செலவில் வடக்கே உள்ள கிடங்குக்கு அனுப்புங்கள் என்றார்கள். மூன்று வாரப் பேச்சுக்குப் பின் ஒரு சீல் தொகுப்பு தபாலில் வந்தது. அதில் ஒரு வளையம் அளவு மாறியிருந்தது. இறுதியில் உள்ளூர் ஹைட்ராலிக் கடையில் 450 ரூபாய்க்குப் புதிய சீல் போட்டுக்கொடுத்தார்கள். அன்று முதல் கசிவு இல்லை. உத்தரவாத அட்டை ஓராண்டு என்கிறது. அந்த அட்டையை நம்பி வாங்க வேண்டாம், உள்ளூரில் சீல் மாற்றக்கூடிய கடை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எந்த நிலையிலும் ஜாக்கியை மட்டும் நம்பிச் சுமையைத் தொங்கவிட்டு அதன் அடியில் கையோ காலோ வைக்கக் கூடாது என்பதை இந்தக் கசிவு எனக்கு மலிவாகவே காட்டியது.

கிரேனோடு சேர்த்து 4,800 ரூபாய்க்கு, கழற்றிய என்ஜினைப் பூட்டி நிறுத்தும் என்ஜின் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கினேன். நான்கு சக்கரம் உள்ளதை வாங்க வேண்டும்; மூன்று சக்கரம் உள்ளது விலை குறைவு, சாய்ந்துவிடும் ஆபத்து அதிகம். அதோடு வரும் போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, 10.9 என்ற உயர்வலிமைத் தரம் முத்திரையிட்ட போல்ட்டுகளை வாங்கிப் போடுங்கள், ஏனெனில் முழு என்ஜினும் அந்த நான்கின் மேல்தான் நிற்கிறது.

பொருத்தும் நாள்தான் கிரேனுக்கு உண்மையான தேர்வு. கழற்றும்போது கோணம் சற்றுப் பிசகினாலும் என்ஜின் வந்துவிடும். பொருத்தும்போது கியர் பாக்ஸின் முன் தண்டு கிளட்ச் தட்டின் பற்களுக்குள் நேராகப் புக வேண்டும். கிளட்ச் தட்டை நடுநிலைப்படுத்த, லேத்தில் கடைந்த மரத்தண்டு ஒன்றைப் பயன்படுத்தினோம். இருந்தும் கடைசி ஓர் அங்குலம் சேரவே இல்லை. என்ஜினின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தால் மேல் இடைவெளி அடைகிறது, கீழ் திறக்கிறது, உயர்த்தினால் நேர்மாறு. பெல்ட்டுகளின் நீளத்தை மாற்றி மாற்றிக் கட்டியே ஒரு மணி நேரம் போயிற்று. திருகைத் திருப்பினால் சாய்வு மாறும் லெவலர் ஒன்றைக் கிரேனின் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம், 2,200 ரூபாய்தான். அதை வீண்செலவு என்று ஒதுக்கியிருந்தேன். அன்று பிற்பகலே ஒருவரை அனுப்பி வாங்கிவரச் செய்தேன். மாட்டியபின் கோணம் பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது. பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கியே இழுத்துச் சேர்த்துவிடலாமே என்று எனக்கு ஆசை எழுந்தது; பாய் கையைத் தட்டிவிட்டார். அப்படி இழுத்தால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளையும், சில சமயம் பெல் ஹவுசிங்கின் காது உடையும். கியரை டாப்பில் போட்டு, பின்சக்கரம் ஒன்றை உயர்த்தி, ஒருவர் அதைக் கையால் மெல்லச் சுற்ற, மற்றொருவர் என்ஜினை இப்படியும் அப்படியும் அசைத்தபோது, பற்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டு 'தொப்' என்ற மெல்லிய ஓசையுடன் என்ஜின் தானாகப் பின்னே சென்று ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் முழுவதும், ஏறத்தாழ மூன்று மணி நேரம், புதிய சீலோடு கிரேன் ஒரு மில்லிமீட்டரும் இறங்காமல் நின்றது. அதற்குரிய மதிப்பெண்ணை நான் மறுக்கவில்லை.

நான்கு லிட்டர் ஆயில் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃபில் சுற்றவிட்டு, பிறகு பிளக்குகளைப் போட்டுச் சாவியைத் திருப்பினோம். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. முதல் வேலையாகக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் குனிந்து புல்லியைப் பார்த்தேன். அசையவில்லை.

இந்த விலைக்கு இது ஏற்கத்தக்க கருவியா என்று கேட்டால், இரண்டு விதமாகச் சொல்வேன். வாழ்நாளில் ஒரு முறை என்ஜினை இறக்கப்போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஒரு பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று, அங்குள்ள செயின் பிளாக்கைக் கூலி கொடுத்துப் பயன்படுத்துவது மலிவு, பாதுகாப்பும் கூட. பழைய வண்டியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர், அல்லது அப்படிப்பட்ட மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து, வாங்கலாம். ஆனால் வாங்கும்போதே லெவலர், நல்ல நைலான் பெல்ட்டுகள், பிளைவுட் பலகைகள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து 33,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உருளைகளையும் பெரியதாக மாற்ற நினைப்பவர் இன்னும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். ஒரு டன் கிரேன் போதுமே என்பார்கள். எடைக்குப் போதும், நான் பார்த்த ஒரு டன் கிரேன்களின் கை எட்டவில்லை.

மடக்கி வைத்தாலும் ஒரு ஸ்கூட்டர் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது வீட்டில் இன்றும் தீராத வழக்கு. மாடிப்படியின் கீழே, ஜாக்கியின் அடியில் ஒரு பழைய பால் பவுடர் டப்பாவை வைத்து நிறுத்தியிருக்கிறேன். வாரம் ஒரு முறை டப்பாவை எட்டிப் பார்ப்பேன். சென்ற வாரம் பாய் ஒரு அம்பாசடருக்காகக் கேட்டு ஆள் அனுப்பினார். கொடுத்தனுப்பும்போது, அம்பாசடர் என்ஜின் ஹெரால்டுடையதைவிட நல்ல கனம், கியர் பாக்ஸோடு சேர்த்துத் தூக்குவதாக இருந்தால் கையைக் கடைசித் துளைவரை நீட்ட வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதித் தூக்குக் கையிலேயே ஒட்டி அனுப்பினேன்.